நண்டுக் கொட்டகையில் என் ஸ்டூல்

வேலை போனதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த வேலைக்கு என் ஓரகத்தி எஸ்தர் போனாள் பாருங்கள், அதுதான் வலித்தது. ஆண்டவருடைய பிள்ளைகளே, சாட்சி சொல்ல வந்தவள் இப்படியா ஆரம்பிப்பாள் என்று முகம் சுளிக்காதீர்கள். உள்ளதைத்தான் சொல்கிறேன்.

என் பேர் ரூபி. பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறோம். ஊரில் பாய் ஒருவர் வைத்திருக்கும் நண்டுக் கொட்டகையில்தான் எனக்கு வேலை. ஏரியிலிருந்து வரும் நண்டை உயிரோடு கழுவி, கொடுக்கை நைலான் நரம்பால் கட்டி, ஈரச் சாக்குப் போட்டுக் கூடையில் அடுக்க வேண்டும். சென்னைக்குப் போகும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் கட்டு எனக்கு நன்றாக வரும்.

வேலை போனது என் கையால்தான். என் அம்மா வீட்டில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவித்தான் இறாலும் நண்டும் பிடிப்போம். சினை நண்டு கையில் பட்டால் உடனே விட்டுவிடுவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை, எங்கள் கை அப்படியே பழகிவிட்டது. ஒரு நாள் கொட்டகைக்குப் பின்னால் ஏரிக்கரையில் கூடையை வைத்து நண்டு கழுவிக்கொண்டிருந்தேன். மனசு வீட்டில் இருந்தது. வயிற்றில் முட்டை தட்டுப்பட்ட நண்டையெல்லாம் கை அது பாட்டுக்குத் தண்ணீரில் விட்டுக்கொண்டே போயிருக்கிறது. சினை நண்டுக்குத்தான் சென்னையில் கிராக்கி அதிகம். பாய் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"ஏம்மா, நா வாங்குன நண்ட நீ இன்னா ஏரிக்குத் தானமா குடுக்குற?" என்றார். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே எஸ்தர் கொட்டகையில் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி அவள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தினமும் காலையில் என் வாசலைத் தாண்டித்தான் ஷேர் ஆட்டோ ஏறுவாள். நான் போட்ட ரப்பர் பூட்ஸை அவள் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். சாயங்காலம் நண்டு வாடையோடு வருவாள். அந்த வாடைக்குக்கூட எனக்குப் பொறாமை!

"இன்னாத்துக்கு இப்டி கடுகடுனு கெடக்குற? அவளும் நம்ம வூட்டுப் பொண்ணுதான?" என்பார் என் வீட்டுக்காரர். நம் வீட்டுப் பெண் என்பதுதானே எரிச்சலே.

சும்மா இருக்கவில்லை. பாய் வீட்டம்மாவிடம் போய் அழுதேன். பொன்னேரியில் துணிக்கடையில் கேட்டேன், சின்ன வயதுப் பெண்கள்தான் வேண்டுமாம். காட்டுப்பள்ளிப் பக்கம் கூட்டிப் பெருக்கும் வேலைக்கும் ஆள் நிரம்பிவிட்டது. மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஏரியை மட்டும் நம்பி அவளைப் படிக்கவைக்க முடியாது. அப்போது நான் செய்த ஜெபத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். "ஆண்டவரே, அவ கைய நண்டு கடிக்கணும், அவளே வேலைய வுட்டு ஓடணும்" என்று முழங்காலில் நின்று கேட்டேன். நண்டு கடிக்கவும் செய்தது. விரலில் கட்டோடு வந்தாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. மறுநாள் அதே கட்டோடு ஆட்டோ ஏறிவிட்டாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பாடு பிரிப்பார்கள் அல்லவா, அதே மாதிரி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்களுக்கு ஜெபப் பாடு பிரிப்போம். சீட்டில் யார் பேர் வருகிறதோ அவளோடு ஜோடி சேர்ந்து, அடுத்த சீட்டு வரைக்கும் ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும். மாற்றிக் கேட்கக் கூடாது. ஏரியில் விழுந்த பாட்டை மாற்றிக் கேட்பார்களா?

எனக்கு எஸ்தர் விழுந்தாள்.

சபையில் விரித்திருந்த ஜமுக்காளத்தின் ஓரத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் வேலை நிலைக்கட்டும் என்று என் வாயாலேயே கேட்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் விண்ணப்பம் இன்னா சொல்லு" என்றேன்.

"கொழந்தக்கா. வேற இன்னா கேக்கப் போறேன்?"

தலையைக் குனிந்தபடியே மேலே சொன்னாள்.

"வூட்ல இருந்தா வர்றவங்க போறவங்கலாம் விசேஷம் உண்டானு கேக்குறாங்கக்கா. அதுக்குப் பயந்துதான் வேலைக்கு ஓடுறேன். உன் பொண்ணு உன்ன அம்மானு கூப்டா செவுத்துக்கு இந்தாண்ட நா காதப் பொத்திக்குவேன். உம்மேல அவ்ளோ பொறாமக்கா எனக்கு."

என் மேல் பொறாமையா! வேலை போய், மானம் போய் உட்கார்ந்திருக்கிற என் மேலா! அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் எரிந்துகொண்டிருந்தேன், அந்தப் பக்கம் அவள் எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்தேன். நண்டு கடித்த விரல் இன்னும் வீங்கித்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. இவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அதன்பிறகு அவள் ஆட்டோ ஏறும்போதெல்லாம் அதையே கேட்டேன். பொறாமை ஒரே நாளில் போய்விடவில்லை. பூட்ஸைப் பார்த்தால் அப்போதும் சுருக்கென்றுதான் இருக்கும். சுருக்கென்றபடியே ஜெபித்தேன்.

சில மாதம் கழித்து எஸ்தர் என் வாசலில் வந்து நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கர்ப்பம்! பொன்னேரியில் டாக்டரம்மா, குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலை கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். "கெளம்புக்கா, பாய் கிட்ட போலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத வச்சா என் சினை நண்டுலாம் திரும்ப ஏரிக்குல்ல போயிடும்?"

"கழுவுற வேலைய வேற ஆளுக்குக் குடுங்க பாய். கட்டு மட்டும் அக்கா கட்டட்டும். அக்கா கட்டு மாதிரி எனக்கே வரலை" என்றாள் எஸ்தர்.

பாய் யோசித்தார். "தண்ணிக்கிட்ட மட்டும் போவாத" என்றார். சபையாரே, அதுதான் எனக்குத் திரும்பக் கிடைத்த வேலை உத்தரவு. அவள் போகவேண்டும் என்று நான் கேட்ட ஜெபத்துக்கு ஆண்டவர் வாய் திறக்கவில்லை. அவளுக்குக் கேட்ட ஜெபத்துக்குள் என் ஸ்டூலையும் வைத்துக் கொடுத்துவிட்டார். அவருக்கே எல்லாத் துதியும்.

எஸ்தருக்குப் பெண் பிறந்து இப்போது தவழ்கிறது. அவள் மறுபடி வேலைக்கு வர ஆசைப்படுகிறாள். அங்கே கட்டுக் கட்ட இருப்பது ஒரே இடம், வேறு வேலையும் காலியில்லை. போன வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்து, "எஸ்தருக்கும் பாய் கொட்டகையில் ஒரு இடம் வேண்டும், ஜெபியுங்கள்" என்று நானே சொன்னேன். அது என் ஸ்டூலாக இல்லாமல் இருந்தால் நல்லது என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். அதையும் அவர் கேட்டிருப்பார்.

உங்களில் யாருக்காவது யாரையாவது பார்த்து வயிறு எரிகிறதா? அந்த ஆளின் பேரைச் சொல்லியே ஜெபியுங்கள். எரிகிற வயிற்றோடேயே ஜெபியுங்கள், ஆண்டவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் குழந்தை முதலில் "அம்மா" என்று கூப்பிட்டது என்னைப் பார்த்துத்தான். எஸ்தருக்கு முகமே சரியில்லை. அவளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.