பட்டைக்கறை

வேலூர் ஆஸ்பத்திரியில் என் ஐந்து வயது மகள் தொண்டை அடைப்பானில் கிடந்தாள். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்து மூச்சை அடைத்தது. ஊசி போட்டார்கள். சில நாளில் அது உரிந்து வந்துவிட்டது. வார்டில் இடமில்லை என்று வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "நான் சொல்ற வரைக்கும் கொழந்தையப் படுக்கைய விட்டு எழுப்பவே கூடாது" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூர் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. ஊறிய தோலைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பார். முடி சுத்தமாகக் கழன்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். மகளின் தொண்டையையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார், தோல் தெரிந்த பெரிய மனுஷன்.

"சுத்தமா உரிஞ்சி வந்துட்ச்சி. இன்னும் இன்னாத்துக்குப் படுக்க வெக்கிறே?"

நான் விடவில்லை. எழுப்ப மாட்டேன் என்று அவர் கையை அவள் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை டேனரிக்கு லீவு. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்குகிற வேலைக்கு நான் போயே ஆகவேண்டும். அவரை நம்பி விட்டுப் போனேன். திரும்பியபோது அவள் போர்த்திப் படுத்திருந்தாள்.

"எழுந்தியா?"

"இல்லம்மா. படுத்துனே இருந்தேன்."

அவரும் தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்து, கை சில்லிட்டது. வேலூர் பஸ்ஸில் என் மடியிலேயே அவள் உயிர் அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் போர்வையை விலக்கியபோதுதான் பார்த்தேன், உள்ளங்கால் இரண்டிலும் பழுப்புக் கறை. தோல் பதனிடுகிற மரப்பட்டையின் கறை. ஆளில்லாத டேனரிக்குக் கூட்டிப்போய்ப் பட்டைக் குவியலில் ஏறி விளையாட விட்டிருக்கிறார்.

"கொழந்த ஆசப்பட்டுச்சி. அம்மா கேட்டா இல்லன்னு சொல்லுன்னேன்" என்றார்.

டாக்டரம்மா அப்போதுதான் விளக்கினார். "கிருமி தொண்டையோட நின்னுடும். அது விடுற நஞ்சு ரத்தத்துல போயி இதயத்துக்குள்ள நுழைஞ்சிடும். உடம்புல ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே செஞ்சிக்கணும். அந்த வேலைய நஞ்சு நிறுத்திடும். இருக்கற பழசை வெச்சித்தான் இதயம் ஓடும். எழுந்து ஓடியாடினா அது தாங்காது. உள்ள போயிட்ட நஞ்ச ஊசியால பிடிக்க முடியாது."

இதை அன்றைக்கே சொல்வதற்கு என்ன? டாக்டரம்மா மேலும் எனக்கு ஆத்திரம்தான். படுத்தே இருந்திருந்தாலும் உயிர் போயிருக்கலாம் என்றார். இருக்கலாம். ஆனால் என் மகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அப்பா சொல்லிக்கொடுத்த பொய்.