இரண்டு நாள் ஏறிய சூடு

மொரீஷியஸ் தீவில், ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்ச் சந்தையில் கோவிந்தம்மாவிடம் கீரை வாங்குகிறவர்கள் கட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அவள் கட்டினால் உள்ளே அழுகல் இருக்காது. அப்படிப்பட்டவள் எழுதிக் கொடுத்த காகிதத்தை டாக்டர் க்ளெமானும் அப்படியே நம்பினார்.

அவளுக்கும் மில் தொழிலாளி மருதைக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. லண்டனில் படித்துவிட்டு வந்திருந்த டாக்டர், கருமுட்டை முதிர்ந்து வெளிவர ஒரு புது மாத்திரை கொடுத்தார். முட்டை வெளிவந்ததும் உடம்பில் ஒரு ஹார்மோன் சுரக்கும், மருந்து பலித்தால் நன்றாகவே சுரக்கும். அதனால் உடம்புச் சூடு அரை டிகிரி போல ஏறி இரண்டு வாரம் நிற்கும்; கரு தங்கினால் அதற்குப் பிறகும் இறங்காது. விடியலில் படுக்கையை விட்டு எழுமுன் தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்துப் பார்த்து, கட்டம் போட்ட காகிதத்தில் எழுத வேண்டும்.

முதல் மாதம் தினம் ஒரு மாத்திரை, ஐந்து நாள். அடுத்த மாதம் இரண்டு. சூடு முப்பத்தாறு புள்ளி நாலை விட்டு அசையவில்லை. மூன்றாம் மாதம் மூன்று. "இதுக்கு மேல கொடுக்கமாட்டேன். முட்டைப்பை வீங்கிடும்" என்றார் டாக்டர்.

அந்த மாதம், அறுபத்தெட்டாம் வருடத் தைப்பூசத்துக்குச் சற்று முன், முப்பத்தாறு புள்ளி ஒன்பது வந்தது. மறுநாள் முப்பத்தேழு. மூன்றாம் நாள் முப்பத்தாறு புள்ளி நாலுக்கு இறங்கி, பத்து நாள் அங்கேயே கிடந்தது.

காவடி முடிந்த மறுநாள் டாக்டர் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"முட்டை வந்திருக்கு, மாதாம். ஆனா அப்புறம் ஹார்மோன் நிக்கல. அது நிக்காட்டி கரு தங்காது. மருந்தை விட்டுடலாம்."

நர்ஸ் எவெலின் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

"பத்து நாளா என்ன பண்ணினே, மாதாம் மருதை? ஐஸ் தின்னியா?"

"விரதம், மிஸ். மீனைத் தொடக்கூட இல்ல."

"காலையில?"

"பச்சைத் தண்ணியில தலைக்கு ஊத்தி, வாய் கொப்பளிச்சு, விளக்கு ஏத்துவேன்."

"தெர்மாமீட்டர்?"

"அதுக்கப்புறம்தான். விரதத்துல குளிக்காம எதையாவது வாயில வைப்பாங்களா?"

"போந்தியே! தக்தேர், இவ குழாய்த் தண்ணியோட சூட்டை எழுதி வச்சிருக்கா!" என்று கடவுளையும் டாக்டரையும் சேர்த்துக் கூப்பிட்டாள் எவெலின்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நாளைக்குப் படுக்கையிலேயே பாரு" என்றார்.

மறுநாள் விடியலில் மருதை பக்கத்தில் குந்தியிருந்தான். "எவ்வளவு? சொல்லேன்!" வாயில் தெர்மாமீட்டரோடு அவள் கையை ஆட்டி அவனை அடக்கினாள். முப்பத்தேழு.

அதற்கு அடுத்த நாள் தீட்டு வந்துவிட்டது. கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு அவளே டாக்டரிடம் போனாள். சூடு முதலில் ஏறிய நாளிலிருந்து அவர் எண்ணினார். பதினான்கு.

"ஹார்மோன் ரெண்டு வாரமும் நின்னுதான் இருக்கு. இதே அளவை இன்னொரு மாசம் சாப்பிடு."

மார்ச்சில் சூடு மறுபடி ஏறியது. பன்னிரண்டாம் தேதி தீவுக்குச் சுதந்திரம் கிடைத்த விழாவுக்கு மருதை லாரியேறித் தலைநகர் போர்ட் லூயிக்குப் போனான். லாரி குலுக்குமே என்று அவள் போகவில்லை. பதினைந்தாம் நாளும் இறங்கவில்லை, பதினெட்டாம் நாளும் இறங்கவில்லை. காகிதத்தில் கட்டம் தீர்ந்துபோனது. கோவிந்தம்மா கீரைக்கூடையின் மூங்கில் பட்டையை அளவுகோலாக வைத்து, ஓரத்தில் தானே இன்னும் நாலு கட்டம் போட்டுக்கொண்டாள்.