குக்கரில் வெந்த கரி

சித்தப்பாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. அந்த வாரம் எனக்கும் வரவில்லை. திங்கட்கிழமை முதல் அவர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலைக்குப் போவதாகப் பேச்சு. டீசல் விற்கிற விலைக்குப் படகு கட்டுப்படியாகாது என்று நைனாவே சொல்லிவிட்டார். பழவேற்காட்டு ஏரியில் என்னையும் ஓர் ஆளாக மதித்துப் படகில் ஏற்றிக்கொள்பவர் சித்தப்பா ஒருவர்தான். அவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று யாரும் கேட்கவில்லை.

முகத்துவாரத்துக்கு அப்பால் வலை போட்டால், இறாலோடு துறைமுகத்துக் கப்பல்களிலிருந்து சிந்திய நிலக்கரித் துண்டும் வரும். நைனா திட்டிக்கொண்டே அதைத் தண்ணீரில் வீசுவார். சித்தப்பா சாக்கில் சேர்த்துவைத்தார். வெளிநாட்டில் கரியை ஆவியாக்கி, அந்த ஆவியை டீசலாக்குகிறார்கள் என்று செல்போனில் பார்த்திருந்தார்.

"இது மட்டும் டீசலாச்சுன்னா நான் இன்னாத்துக்குப் பாப்பா அங்க போறேன்?" என்றார்.

எனக்கு அது போதும். அழுத்தம் வேண்டுமாம், அம்மாவின் குக்கரை நானே எடுத்துக்கொடுத்தேன். அதில் கரியைப் போட்டு மூடி, விசில் போடும் இடத்தில் செம்புக் குழாயைச் செருகி, களிமண் பூசி, மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டார். சவுக்கு விறகு நாளெல்லாம் எரிந்தது. நாங்கள் இருவரும் அடுப்புக்கும் பாட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தோம். கேஸ்கட் கருகித் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. அம்மா எங்கள் இருவரையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். சாயங்காலம் பார்த்தால், பாட்டிலின் அடியில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர், அதன்மேல் பிசுபிசுவென்று தார். சித்தப்பா திரியை நனைத்துக் கொளுத்தினார். புகைந்து அணைந்தது. ஆறட்டும், இன்னொரு தரம் பார்க்கலாம் என்றார்.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, நைனாவின் கேனிலிருந்து அரை டம்ளர் டீசலை எடுத்து அந்தப் பாட்டிலில் ஊற்றினேன். அவசரத்தில் பாவாடையிலும் சிந்தியது.

இந்தத் தடவை திரி பற்றிக்கொண்டது. நான் குதித்தேன். சித்தப்பா குதிக்கவில்லை. பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் பாவாடையைப் பார்த்தார்.

"கரி நம்ம பேச்சைக் கேட்டுச்சு பாப்பா" என்று என் தலையை மார்போடு அணைத்துக்கொண்டார். எனக்கு மூச்சு முட்டியது, சந்தோஷமாகவும் இருந்தது. இனி அவர் எங்கும் போகமாட்டார்.

திங்கட்கிழமை காலையில் அவர் சோற்று டப்பாவோடு துறைமுகத்து வேனில் ஏறினார். எனக்குக் கோபமான கோபம். முழு டம்ளர் ஊற்றியிருக்க வேண்டும் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.