வடமதுரையில் இறங்காத பெண்

"நீ எழுதுனது சரி தாயி. நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை நீயே நின்னு வாசிச்சா எவன் உக்காந்து கேப்பான்?"

திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் எழுத்தாளர் கூட்டத்தின் செயலாளர் ரத்தினசாமி அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டு நான்கு மார்கழிகள் ஆகப்போகின்றன. பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் சுக்குக் காப்பி வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் என் புடவைகளோடு கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் வந்துவிட்டது.

இங்கே டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே தெருவிளக்கு எரிகிறது. நான் நர்ஸ் பயிற்சி பெறும் ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் ஏறினால், கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, 'டக்' என்று என்னைக் கூப்பிடுகிறார். டக் என்றால் வாத்து. வந்த புதிதில் நான் நடக்கிற நடையைத்தான் கேலி செய்கிறார் என்று நினைத்து, இரண்டு நிறுத்தம் முன்பாகவே இறங்கிக் குளிரில் நடந்திருக்கிறேன். எண்பது வயதுக் கிழவரையும் அவர் அதே போல் வாத்தாக்கியதைக் கேட்ட பிறகுதான் சமாதானம் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் ஊர் பேர் தெரியாத பெண்ணையும் 'தாயி' என்பதில்லையா, அது போலத்தான்.

அந்த பஸ்ஸில்தான் புதன்கிழமைதோறும் நூலகத்துக்குப் போகிறேன். அங்கே மாடியறையில் 'ரைட்டர்ஸ் சர்க்கிள்' என்று ஓர் எழுத்தாளர் வட்டம் கூடுகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையையொட்டி நடக்கிற கூட்டம்தான் அவர்களுக்குப் பெரிய கூட்டம். அன்று ஒவ்வொருவரும் தாங்கள் எழுதியதை வாசிக்க வேண்டும். தாங்களே வாசிக்க வேண்டும். இந்த விதியைத் தலைவி மிஸஸ் ஹாரிசன் எனக்குச் சொன்னபோது, இதற்காகவே இத்தனை தூரம் வந்தது தகும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்பதைச் சொல்ல வேண்டும் என்றால் நான் நாகல் நகருக்குத் திரும்ப வேண்டும்.

அங்கே எங்கள் கூட்டம் அரையாண்டு விடுமுறையில்தான் நடக்கும். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் நாட்களில்தான் அதன் மாடி வகுப்பறை எங்களுக்குக் கிடைக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே சிறுமலை பனிக்குள் பாதி தெரியும். கூட்டத்துக்கு வந்த ஒரே பெண் நான். ஆகவே கடவுள் வாழ்த்துப் பாடுவது என் வேலை. அதன் பிறகு வரவேற்புரை, தலைமையுரை, தலைமையுரையைப் பாராட்டி ஓர் உரை. எல்லோரும் துண்டைத் தேடுகிற நேரத்தில்தான் கதைகள் வரும். ஆண்கள் தங்கள் கதையைத் தாங்களே வாசிப்பார்கள். என் கதையைப் புலவர் வாசிப்பார். புலவர் என்றால் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். மைக் இல்லாமலே அடுத்த தெரு வரை கேட்கும் குரல். ஒரு பெண் எழுதியதைப் புலவர் வாசிப்பது அவளுக்குச் செய்கிற மரியாதை என்று அங்கே நிஜமாகவே நம்பினார்கள்.

"உனக்குக் கூச்சமா இருக்கும்ல தாயி?" என்று ரத்தினசாமி அண்ணன் கேட்டார்.

"எனக்குக் கூச்சமே இல்லண்ணே."

"அதான் எங்களுக்குப் பயமா இருக்கு" என்றார். பெஞ்சுகள் குலுங்கச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதுதான் இன்னும் எரிச்சல்.

அந்த மார்கழியில் நான் எழுதிக்கொண்டு போன கதை, பூந்தோட்டக்காரர் மகள் ஒருத்தி படிப்பதற்காக வெளியூர் போவதைப் பற்றியது. திண்டுக்கல்லில் ரயிலேறுகிறாள். வண்டி நகர்கிறது. அப்பா நிற்கிற பக்கத்து ஜன்னலில் இருந்து எழுந்து, எதிர்ப்பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்து, இதுவரை பார்க்காத பக்கத்தைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. அவள் திரும்பி வருவதில்லை. நான் அதை எங்கள் அய்யாவுக்காகத்தான் எழுதினேன். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டியவள் நான் ஒருத்தி. அய்யாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சீமைக்குப் போய் நர்ஸாகப் போகிறேன், திரும்புவது நிச்சயமில்லை என்பதை வீட்டு அடுப்படியில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கதையாகக் கேட்டால் விளங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அதனால் பூ மார்க்கெட்டில் மூட்டையை இறக்கியவரை நேராகக் கூட்டத்துக்குக் கூட்டிவந்து கடைசி பெஞ்சில் உட்காரவைத்தேன்.

புலவர் ஆரம்பித்தார். நான் 'வெஞ்சனம்' என்று எழுதிய இடத்தில் 'தொடுகறி' என்றார். 'அய்யா' என்று எழுதிய இடமெல்லாம் 'தந்தையே!' என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன். ரயில் கிளம்பியது. அப்புறம் நான் எழுதாத ஒரு பக்கம் தொடங்கியது. அந்தப் பெண் விம்முகிறாள். வடமதுரை ஸ்டேஷனில் வண்டி நின்றதும் குதித்து இறங்குகிறாள். தண்டவாளத்தின் ஓரமாகவே திண்டுக்கல்லுக்கு ஓடிவந்து, 'தந்தையே, இனி உம்மைப் பிரியேன்!' என்று காலில் விழுகிறாள். கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தேன். அய்யா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"என் கதையில அவ எறங்கவே இல்லையே ஐயா" என்று புலவரைப் பிடித்தேன்.

"முடிவு கொஞ்சம் மொட்டையா இருந்துச்சும்மா. மங்களமா முடிச்சு வச்சேன். மார்கழி மாசம் பாரு" என்றார், எனக்கு ஏதோ நகை போட்டு அனுப்புகிறவர் போல.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸிலேயே அய்யாவிடம் சொன்னேன். அது நான் எழுதிய முடிவு இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. "அம்புட்டுப் பேரு முன்னாடி அம்புட்டுப் பெரிய மனுசரு வாசிச்சாரு. இல்லாததையா வாசிப்பாரு?" என்று கேட்டார். சில மாதங்கள் கழித்து நான் சீமைக்குப் போகக் கேட்டபோது, ஊரே எதிர்த்தும் அவர் ஒருவர்தான் சரி என்றார். "போயிட்டு வா தாயி. நீதான் கதையிலயே வந்துட்டியே" என்றார். 'அது வேறய்யா' என்று எத்தனை தடவை சொன்னாலும் அதே சிரிப்பு.

கடிதத்தில் எழுதித் தெளிவுபடுத்தலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதினேன். என் கடிதத்தை அய்யாவுக்கு வாசித்துக் காட்டுகிறவர் எங்கள் ஊர் வாத்தியார். அவரும் நல்லவர், நல்லவர்கள்தான் என் தொல்லையே. 'வருவதாக இல்லை' என்று நான் எழுதினால், பெரியவர் மனசு நோகுமே என்று, 'வரக் கொஞ்சம் தாமதமாகும்' என்று வாசித்துவிடுகிறார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அய்யா சொல்லச் சொல்ல அவரே எழுதி அனுப்பும் பதிலில் தெரியும். போன மாதம் வந்த பதில் இது: 'தாமதமானால் பரவாயில்லை. படிப்பு முடிந்து தையில் வந்துவிடு. நெய்க்காரப்பட்டியிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். ஏனுங்க, பொண்ணு வந்துருமுங்களா என்று கேட்டார்கள். அவள் கதையிலேயே வந்துவிட்டாள் என்று சொல்லி, தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.'

புலவர் ஒரு பெண்ணை வடமதுரையில் இறக்கிவிட்டதன் பலனாக, நெய்க்காரப்பட்டியில் நான் பார்த்தேயிராத ஒரு வீட்டுக்காரர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

இந்தக் கோபத்தோடுதான் இந்த மாதம் முதல் புதன்கிழமை நூலகத்து மாடியேறினேன். கதையை நானே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நின்று, என் குரலில், முதல் வரியிலிருந்து கடைசி ஜன்னல் வரைக்கும் வாசித்தேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. மெதுவாக, கையுறை போட்ட கைகளால் தட்டுவது போலத் தட்டினார்கள். 'வெரி இன்ட்ரஸ்டிங்' என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு 'பேச்சை மாற்றுவோம்' என்று அர்த்தம் என்பதைப் பக்கத்து அறைத் தோழி பிற்பாடுதான் சொன்னாள். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் எழுந்து, "பூந்தோட்டத்தில் பாம்பே வரவில்லையே? உங்கள் ஊரில் பாம்பு உண்டல்லவா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்படியானால் ஒன்றைச் சேர்க்கலாம்" என்று கனிவாகச் சொல்லி உட்கார்ந்தார். பிறகு மிஸஸ் ஹாரிசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிக அழகு. ஆனால் கிறிஸ்துமஸ் சமயம் பாருங்கள். அந்தப் பெண்ணை அப்பாவிடம் திருப்பி அனுப்பிவிட்டால் எல்லோரும் மனநிறைவோடு வீட்டுக்குப் போகலாமே?"

வடமதுரை எங்கே இருக்கிறது என்று இந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரும் அங்கேதான் இறக்கிவிட்டிருப்பார். நாகல் நகரில் பேசவிடாமல் மாற்றினார்கள். இங்கே முழுக்கப் பேசவிட்டு மாற்றச் சொல்கிறார்கள். எது மேல் என்று கேட்டால், இதுதான். இங்கே மாட்டேன் என்று சொல்ல இடம் இருக்கிறது. சொன்னேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றினார்.

நூலகத்தில் வாசித்தாயிற்று. ஆனால் கேட்க வேண்டிய ஒருவர் அங்கே இல்லை. அவர் காதுக்கு என் வார்த்தை இன்னொருவர் வாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கும் வரை அது என் வார்த்தையாக இருக்கப்போவதில்லை. நோயாளிகளுக்குப் பாட்டுப் போடுவதற்காக எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன ஒலிபரப்பு அறை உண்டு. அங்கே டேப் ரிக்கார்டர் இருக்கிறது. அதை ஓட்டுகிற கென் என்பவரிடம் போய்க் கேட்டேன். நாகல் நகரில் மைக் செட் கடை வைத்திருக்கும் காதர் பாய் மதராஸிலிருந்து அப்படி ஒரு மிஷின் வாங்கிவந்திருக்கிறார் என்பது எனக்கு முன்பே தெரியும். ரத்தினசாமி அண்ணனுக்கு எழுதினேன், இந்த மார்கழிக் கூட்டத்தில் என் கதையை என் குரலிலேயே போட முடியுமா என்று. வழக்கமாக மாதக்கணக்கில் பதில் போடாதவர், உடனே போட்டார். 'லண்டன் குரல்' என்று நோட்டீஸ் அடித்தாயிற்றாம். முதல் நிகழ்ச்சியே நான்தானாம். நான் லண்டனில் இல்லை என்பது கிடக்கட்டும். ஐந்து அடி தூரத்தில் தொண்டையோடு நின்றவளை எவன் கேட்பான் என்று கேட்ட அதே மனிதர், ஆறாயிரம் மைல் தள்ளிப்போய் இயந்திரத்துக்குள் புகுந்துகொண்ட பிறகு பெஞ்சு போதாது என்கிறார். கடிதத்தின் கடைசியில், 'புலவர் முன்னுரை வழங்குவார்' என்றும் இருந்தது. வழங்கட்டும். டேப்புக்குள் அவர் கை நுழையாது.

தமிழில் வாசித்து முடித்தேன். ஒரு சொல்கூடப் புரியாத கென் மட்டும்தான் முடிவை மாற்றச் சொல்லவில்லை. "நடுவில் ரொம்ப வேகம். மூச்சுவிட்டு வாசி" என்றார். நான்கு வருஷங்களில் என் எழுத்துக்குக் கிடைத்த உருப்படியான விமரிசனம் அது ஒன்றுதான். மறுபடியும், மூச்சுவிட்டு வாசித்தேன். வெஞ்சனம் வெஞ்சனமாகவே இருந்தது. அந்தப் பெண் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தாள். டேப்பில் இன்னும் மிச்சம் இருந்தது. நிறுத்தட்டுமா என்று கென் கையைக் காட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் பேசினேன்.

"அய்யா, நான் எழுதுனது இதுதான். அவ வடமதுரையில எறங்கல. நானும் தைக்கு வரலய்யா. இங்கயே பிரசவம் பாக்குற படிப்புக்குப் பேரு குடுத்துட்டேன். நெய்க்காரப்பட்டிக்காரவுகளைக் காக்க வைக்காதீங்க, ஆளனுப்பிச் சொல்லிருங்க. என்னைய ஏசணும்னா ஏசுங்க. ஆனா வாத்தியார்கிட்டச் சொல்லி எழுதாதீங்க. காதர் பாய்கிட்ட இன்னொரு டேப்பு இருக்கும். அதுல நீங்களே ஏசுங்க."

கூட்டத்தன்று அங்கே சிறுமலையில் பனி இறங்குகிற நேரம், இங்கே வார்டில் மதியச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். யாரோ ஒரு கிழவருக்கு சூப்பை ஊட்டிக்கொண்டு, அவர் 'தாங்க்யூ டக்' என்றால் சிரித்துக்கொண்டு நிற்பேன். என் தொண்டை மட்டும் இரண்டாம் வகுப்பு மேஜைமேல் சுழன்றுகொண்டிருக்கும். முதல் பெஞ்சில் அய்யாவை உட்காரவைக்கும்படி பாய்க்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

விடுமுறைக்கு மதுரைக்குப் பறந்த டாக்டர் ஒருவரின் பெட்டியில் சனிக்கிழமையே இரண்டு டேப்புகளும் போய்விட்டன. ஒன்றில் நான் இருக்கிறேன். மற்றதில் எதுவும் இல்லை.