அல்போன்சா டீச்சரின் இரண்டு பிணைக்கைதிகள்

ஒருவர் செயின்ட் ஆக வேண்டுமென்றால் முதலில் சாக வேண்டும். பிறகு அற்புதம் செய்ய வேண்டும். அதற்கப்புறம் ரோமாபுரியில் பெரியவர்கள் கூடி வருஷக்கணக்கில் விசாரிக்க வேண்டும். சிமெண்ட் வியாபாரி வெங்கடசாமி அவ்வளவு காலதாமதத்தை விரும்பவில்லை. பெங்களூர் தொம்மலூரில் இருந்த தமது கோடவுனுக்கு வெள்ளையடித்து, பெயிண்டரைக் கூப்பிட்டு, ‘செயின்ட் பார்த்தசாரதி இங்கிலீஷ் கான்வென்ட்’ என்று எழுதச் சொன்னார். பார்த்தசாரதி அவருடைய தகப்பனார். செத்துப்போயிருக்க வேண்டும் என்ற முதல் நிபந்தனை பூர்த்தியாகியிருந்தது. கோடவுன் பள்ளிக்கூடமானதை அற்புதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் புனிதத் தலத்தில் விவேக் நகர் அல்போன்சா பி.ஏ. முடித்த கையோடு சரித்திர டீச்சராகச் சேர்ந்தாள். சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கைக்கு வரும் தொகை வேறொன்று. நடுவில் விழும் பள்ளத்துக்கு வெங்கடசாமி ‘கல்விச் சேவை’ என்று பெயர் வைத்திருந்தார். அந்தச் சேவையையும் செய்துகொண்டு, சாயங்காலம் நாலு வீடு ஏறி இறங்கி டியூஷனும் எடுத்து, அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்தாள். ஒரு வருஷப் பரீட்சைக் கட்டணம் அவள் அப்பா ஓஸ்வால்டின் சைக்கிள் ரூபத்தில் போயிற்று. பேக்கரியில் அடுப்படி வேலை செய்த அவர், அன்றிலிருந்து வேலைக்கு நடந்தே போனார். நடந்தால் நெஞ்சுக்கு நல்லதென்று டாக்டர் சொன்னாராம். டாக்டரைப் பார்க்க அவருக்கு எங்கேயிருந்து காசு வந்தது என்று அல்போன்சா கேட்கவில்லை.

எம்.ஏ. பட்டம் வந்தபோது வெங்கடசாமி பள்ளியில் விழாவே எடுத்துவிட்டார். சால்வை போர்த்தினார். குழந்தைகள் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டுபோய், ஏற்கெனவே அவளுடைய பி.ஏ. படுத்திருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். அங்கே எல்லா டீச்சர்களின் ஒரிஜினலும் இருந்தது. “வீட்டுல வெச்சா கரையான் அரிக்கும் டீச்சர்” என்பார். டீச்சர்களின் வீடுகளைப் பற்றி அவருக்கு அப்படியொரு கவலை. நடுவருஷத்தில் யாராவது வேறு வேலைக்கு ஓடிவிட்டால் என்ற கவலை அதற்கும் கீழ்த் தட்டில் இருந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷம், தசராவுக்கு முன், அல்போன்சாவுக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. பாதிரிமார் நடத்தும் கல்லூரி, சரித்திர விரிவுரையாளர், அரசாங்கச் சம்பளம். திங்கட்கிழமை காலை, ஒரிஜினலோடு வர வேண்டும். இல்லாதவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வயது வரம்பைத் தாண்ட அவளுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன.

வெங்கடசாமியிடம் நேராகக் கேட்டால் என்ன? போன வருஷம் கணக்கு வாத்தியார் சந்திரன் கேட்டார். பீரோ சாவி கோலாரில் மாமியார் வீட்டில் தங்கிவிட்டதாக வெங்கடசாமி வருத்தப்பட்டார். சாவி திரும்பி வருவதற்குள் அந்த வேலையில் இன்னொருவர் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டுவிட்டார். சந்திரன் இன்னும் பிரம்மசாரியாக ஏழாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே அல்போன்சா சுற்றிவளைத்துப் போனாள்.

“சார், வருஷா வருஷம் ஸ்கூல் வேனுக்கெல்லாம் பூஜை பண்றீங்க. சரஸ்வதி பூஜையில வைக்க வேண்டிய சர்டிபிகேட்டைப் பீரோவுக்குள்ளயே பூட்டி வெச்சிருக்கோமே, அந்தம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்களா?”

வெங்கடசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கிறிஸ்டியனா இருந்துக்கிட்டு நீங்க யோசிச்சிருக்கீங்க. எனக்குத் தோணல பாருங்க. எல்லாத்தையும் வைப்போம் டீச்சர்.”

“ராத்திரி முழுக்க அம்பாள்கிட்டயே...”

“பேடா, பேடா, அதெல்லாம் வேண்டாம். ஒரு மணி நேரம் போதும் அவங்களுக்கு.”

வீட்டில் ஓஸ்வால்ட் இதைக் கேட்டுவிட்டுக் காலண்டரைத் திருப்பினார். “பூஜை என்னிக்கு?”

“வியாழக்கிழமை டாடி.”

“நொவேனா ஜெப நாளாச்சே பாப்பா. காலையில அந்தம்மா, சாயங்காலம் குழந்தை ஏசுவா? ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு உன்னைக் கைவிட்டுடப் போறாங்க.”

திட்டம் எளிமையானது. பீரோவுக்குப் போகுமுன் எடுத்துவைத்திருந்த பழைய நகல்களிலிருந்து, நல்ல தடித்த காகிதத்தில் இரண்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பூஜை முடிந்ததும் எல்லோரும் வேனுக்குப் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போவார்கள். அப்போது பிளாஸ்டிக் கவருக்குள் இருப்பதை மாற்றிவிட வேண்டும். கவருக்கு மேலாகப் பார்த்தால் வெங்கடசாமியின் கண்ணாடிக்கு நகலும் அசலும் ஒன்றுதான்.

வியாழக்கிழமை சரஸ்வதி படத்துக்கு முன்னால் சர்டிபிகேட்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன. சாம்பிராணிப் புகை. அல்போன்சா தன்னுடைய கவர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டாள். வெங்கடசாமி சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டார். ஒரு கணம் யோசித்தார்.

“கவர் மேல வெச்சா பிளாஸ்டிக்குக்குப் பூஜை பண்ண மாதிரி ஆயிடும்” என்றார்.

ஒவ்வொன்றாகக் கவரிலிருந்து உருவி, பல்கலைக்கழக முத்திரை மேலேயே சந்தனத்தை அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்து, மறுபடி கவருக்குள் நுழைத்தார். பக்தியில் அவர் கை தாராளம். சம்பளத்தில் காட்டாத தாராளம் அத்தனையும் அங்கே வந்து இறங்கியது.  அல்போன்சாவின் பையிலிருந்த நகல்கள் வெள்ளை வெளேரென்று ஞானஸ்நானக் குழந்தைகளைப்போல் இருந்தன.

“வாங்க வாங்க, ராகு காலத்துக்கு முன்னாடி வேனுக்குச் சுத்திடலாம்.” கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. அல்போன்சா செருப்பு மாட்டுகிறவளாகக் குனிந்து, பின்தங்கி, கூடம் காலியானதும் திரும்பினாள்.

இரண்டு ஒரிஜினலும் பைக்குள் போயின. சந்தனத்தைத் தொட்டாள். பி.ஏ. நகலுக்கு ஒரு அப்பு, மேலே குங்குமம். எம்.ஏ.வுக்கு வைக்கும்போது அவசரத்தில் பொட்டு நாமமாக இழுத்துக்கொண்டது. வாசலில் தேங்காய் உடையும் சத்தம். வேன் டிரைவர் சீனு கற்பூரம் கேட்டுக் கத்துவது காதில் விழுந்தது. செபமாலை சொன்ன நேரம் போக வாழ்நாளில் அவள் இவ்வளவு வேகமாக உதடசைத்ததில்லை. யாரை அழைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

காலடி கேட்டது. சந்திரன் நிலைப்படியில் நின்றார். அவள் கையையும், கவரையும், பையையும் பார்த்தார்.

“தீப்பெட்டி எடுக்க வந்தேன்” என்றார் நிதானமாக. படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார். போகிறவர் நின்றார். “முத்திரைக்கு மேல மட்டுமில்ல டீச்சர். கீழ வலது மூலையிலயும் ஒண்ணு வெச்சார்.”

அவள் இரண்டிலும் அந்த மூலையில் வைத்து, கவருக்குள் நுழைத்து, இடத்தில் வைத்து நிமிர்ந்தபோது பூசணிக்காய் உடைந்தது. வெங்கடசாமி தட்டோடு உள்ளே வந்தார். சுண்டலுக்கு எல்லோரும் கை நீட்டினார்கள். அல்போன்சாவும் நீட்டித்தான் ஆக வேண்டும். அவளுடைய வலது கைவிரல்கள் கணுவரை சிவந்திருந்தன.

வெங்கடசாமி அந்த விரல்களையே பார்த்தார். பிறகு வரிசையாகக் கிடந்த கவர்களைப் பார்த்தார்.

அல்போன்சா கையைத் தூக்கி நெற்றி நடுவில் அழுத்தினாள். பெரிய பொட்டு.

 வெங்கடசாமியின் கண் கலங்கிவிட்டது. “பாருங்க எல்லாரும். நம்ம அல்போன்சா டீச்சரைப் பார்த்துக் கத்துக்குங்க” என்றார், குரல் தழுதழுத்து. அதே தழுதழுப்போடு கவர்களை அள்ளி, எண்ணி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பொட்டை அழிக்க அவளுக்கு பஸ்ஸில்கூட ஞாபகம் வரவில்லை. நொவேனாவுக்குக் கூட்டமாகப் போனவர்கள் அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஓஸ்வால்ட் வாசலில் நின்று பார்த்தார். “மாறிட்டியா, மாத்திட்டியா?” என்றார்.

“மாத்திட்டேன் டாடி.”

வீட்டில் இரண்டு ஒரிஜினலையும் விரித்தார்கள். ஓஸ்வால்ட் பிரட் தூளால் ஒற்றிப் பார்த்தார். சந்தனம் உதிர்ந்தது, குங்குமம் அசையவில்லை. எண்ணெய் கலந்த உயர்ந்த ரகம். வெங்கடசாமி எதில் வேண்டுமானாலும் கலப்படம் செய்வார், அதில் செய்யவில்லை.

திங்கட்கிழமை. மேஜைக்கு அந்தப்பக்கம் பிரின்சிபால் ஃபாதர் க்ளென். பக்கத்தில் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் வெங்கடராமன். ஃபாதர் முதலில் விவேக் நகர்ப் பங்குச் சாமியாரின் கடிதத்தைப் படித்தார்: இவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். பிறகு பட்டத்தைக் கையில் எடுத்தார். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு வட்டம். கடிதத்தைப் பார்த்தார். பட்டத்தைப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“குங்குமம், ஃபாதர்.”

“உங்க பேர் அல்போன்சாதானே?”

வழியெல்லாம் ஜோடித்துக்கொண்டு வந்த பொய் ஒன்று நாக்குநுனிவரை வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாடிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் விளையாட்டுக் குழந்தை இரண்டு பட்டத்திலும் ஒரே இடத்தில் வைக்காது. அவள் உள்ளதைச் சொன்னாள். பீரோ, பூஜை, நகல், நெற்றிப் பொட்டு எல்லாவற்றையும்.

“ஒரிஜினலைப் பூட்டி வைக்கறாங்களா? அநியாயமா இருக்கே” என்றார் ஃபாதர். வெங்கடராமன் மட்டும் ஏனோ கூரையைப் பார்த்தார்.

ஃபாதர் தொண்டையைக் கனைத்தார். “சரி. எங்களை மாணவர்களா நினைச்சு, மைசூர் சரித்திரத்துல ஏதாவது நடத்துங்க.”

அவள் மனசில் வந்தது போன வாரம் எட்டாம் வகுப்புக்கு நடத்திய பாடம்தான். தோற்ற திப்பு சுல்தான் தன்னுடைய இரண்டு பிள்ளைகளைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காரனிடம் பிணையாக அனுப்பிய கதை. எழுந்து ஆரம்பித்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பீரங்கி முழங்கி வரவேற்றார்கள், ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார்கள் என்று சொல்லி நிமிர்ந்தபோது, ஃபாதரின் தலைக்குப் பின்னால் அது கண்ணில் பட்டது: கதவு பாதி திறந்த இரும்பு பீரோ. மேலே ஒட்டியிருந்த சீட்டில், ‘ஆசிரியர் ஒரிஜினல்கள்’.

 பாடத்தை வேறு பக்கம் திருப்ப வழியில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே யானையிலிருந்து இறங்கிவிட்டார்கள்.

“எந்தக் குறையும் வைக்கல, ஃபாதர்” என்றாள் மெதுவாக. “ரொம்ப மரியாதையா வெச்சிருந்தாங்க. வெளிய போக மட்டும் விடல.”

 விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றியது. ஃபாதர் க்ளென் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர் கழுத்து பட்ட பாடு தெரிந்தது.

“வெளியே இருங்க” என்றார்.

வராந்தாவில் எத்தனையோ பேர் வந்து, போய், கடைசியில் பெஞ்சு காலியானது. மாலை வெயில் தூணைத் தாண்டியபோது வெங்கடராமன் காகிதத்தோடு வந்தார். “ஜூன்ல இல்ல, அடுத்த மாசமே சேரணும். ஃபாதர் சொல்லிட்டார், பாடம் எடுக்கறவங்களுக்கு பயம் இருக்கக் கூடாதாம்.” பிறகு பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். “ஒரிஜினலைக் குடும்மா. ரூல்ஸ்.”

அல்போன்சா கவரை நீட்டினாள். அவர் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை அவள் விடவில்லை.

“தாராளமா வாங்கிக்குங்க சார். ஆனா சரஸ்வதி பூஜையில வெச்சது. உங்களுக்குத் தெரியாததில்ல. அந்த பீரோவுல அடித்தட்டுல ஃபுட்பால் டீம் ஷூ இருக்கறதைப் பார்த்தேன்.”

வெங்கடராமன் கையைச் சூடு பட்டதுபோல் எடுத்துக்கொண்டார். அந்தக் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நீயே வெச்சுக்கோம்மா, உங்க வீட்டு சாமிகிட்ட” என்றார். “ஒரு ஜெராக்ஸ் மட்டும் குடுத்துட்டுப் போ.”

“ஜெராக்ஸ் இப்ப கையில இல்ல சார்” என்றாள் அல்போன்சா. “பழைய ஸ்கூல்ல பத்திரமா பூட்டி வெச்சிருக்காங்க.”