பானட்டில் மூன்று பொட்டு

"உன் ரெண்டாவது புருஷன் கண்ணு முழிச்சானா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பார் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், இந்தக் கிண்டல் தவறாது. மாரெட்பள்ளி வீட்டு ஷெட்டில் நான் பிரித்துப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரைத்தான் அப்படிச் சொல்வார். இரண்டே சீட். முன்விளக்குகள் பானட்டுக்குள் மூடிக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி மெல்லக் கண் திறக்கும். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய யாரோ கொண்டுவந்து, குகட்பள்ளியில் ஒரு காலி மனையில் தார்ப்பாய் போட்டு மறந்துபோன வண்டி. பார்த்த அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

வாரம் முழுக்க ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் மாரடித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருவேன். ஷெட்டுக்குள் நுழைந்தால் அந்த அலுப்பெல்லாம் எங்கே போகுமோ! எஞ்சினைக் கழற்றி வைத்திருந்த நாட்களில்கூட டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வேன். தகர இடுக்கு வழியாக வெயில் டாஷ்போர்டில் ஊர்ந்து போகும். நான் ஹுசைன் சாகர் ஏரி ஓரமாகப் போய்க்கொண்டிருப்பேன். காற்று முகத்தில் அடிக்கும். அந்தப் பயணங்களில் இடது சீட்டில் எப்போதும் இவர்தான். நிஜத்தில் மனுஷன் ஷெட் வாசலைக்கூடத் தாண்டியதில்லை.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் இவர் இலாகா. ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின், என் ஸ்பானர் பெட்டி என்று ஒன்றும் பொட்டுக்குத் தப்பாது. கார் மட்டும் கிடையாது. "ஓடுற வண்டிக்குத்தான் பொட்டு. இது பொம்மை." வருஷா வருஷம் இதே பதில். சிரித்து வைப்பேன், உள்ளே சுருக்கென்றிருக்கும். வண்டி ஓடினால் மட்டும் எனக்குப் போதாது. இவர் பக்கத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் இத்தனை பாடும் வீண்.

போன வருஷம் பண்டிகைக்குச் சற்று முன்னால் வண்டி உயிர் பெற்றது. வெள்ளை பெயிண்டும் அடித்தாயிற்று. உள்ளே நன்றாகக் காயும்வரை மேலே எதுவும் படக் கூடாது என்று பெயிண்டர் பாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கார் பேச்செடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுகிற மனுஷனுக்கு இதெல்லாம் எங்கே காதில் விழும்?

பூஜையன்று காலை பூசணிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஷெட் கதவு திறந்திருந்தது. பானட்டில் மஞ்சளும் சந்தனமும் குழைத்து, தாராளமாக மூன்று பொட்டு. நடுவில் குங்குமம்.

"ஐயையோ!" தெருவுக்கே கேட்டிருக்கும். பூசணிக்காயைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் துடைத்தேன். சந்தனம் போயிற்று. மஞ்சளும் சிவப்புமாக மூன்று கறை வெள்ளையில் ஊறிப்போயிருந்தது. கோபம் தலைக்கேறித் திரும்பினால், புது வேட்டியும் கையில் தட்டுமாக இவர் முகம் செத்து நிற்கிறார்.

"ஓடுற வண்டி ஆயிடுச்சேன்னு வெச்சேன்," என்றார்.

வாய்வரை வந்த திட்டு அப்படியே நின்றுவிட்டது. அழுகைதான் வந்தது. "ஏறுங்க," என்றேன்.

ஏறினார். டயருக்கு அடியில் அவர் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்க, வண்டி தெருவில் இறங்கியது. லீவு நாள், கண்டோன்மென்ட் ரோட்டில் ஈ காக்கை இல்லை. மரநிழலும் வெயிலும் மாறி மாறிக் கண்ணாடியில் விழுந்தன. ஷெட்டில் உட்கார்ந்து மனசுக்குள் நான் போன ரோடெல்லாம் இப்படித்தான் இருந்தன. இப்போது பக்கத்தில் திருநீறு வாசனை வந்தது. பட்டப்பகலில் இவர் விளக்கைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

பிறகு பெயிண்டர் பாய் வந்து பானட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். இதை மட்டும் திரும்ப அடித்துத் தருகிறேன், சுவடே தெரியாது என்றார்.

"நக்கோ பாய்," என்றேன்.

ஏன் வேண்டாம் என்று அவருக்குப் புரியவில்லை. உட்கார்ந்து சொல்ல எனக்கும் நேரமில்லை. இடது சீட்டில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, எட்டிக் கை நீட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார் இவர்.