எலி கடித்த இலையும் மாட்டுக் குளம்பு இலையும்

ஒரு செடியை அடையாளம் கண்டுபிடிக்க அதன் இலையை நாக்கால் நக்கிப் பார்த்த ஒரே பட்டணத்துவாசி நானாகத்தான் இருப்பேன். பட்டப்பகலில், கிணற்றடியில் முக்காலி போட்டு ஏறி, மாமரத்துக் கவட்டையில் ஒட்டியிருந்த இரண்டு செடிகளையும் மாறி மாறி நக்கினேன். இரண்டிலும் ரயில் கரிதான் ருசித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "பாவம், பொண்டாட்டி போனதுல மூளை கலங்கிப் பூட்ச்சு" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. பாதி சரி. மீதிப் பாதி எனக்குப் பிறவியிலேயே உண்டு.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு மரவாடியில் கட்டை அளக்கிற குமாஸ்தா. அந்தமானிலிருந்து கப்பலில் வரும் கட்டைகளின் பட்டையில், மண்ணே இல்லாமல் காற்றில் வாழும் செடி எப்போதாவது ஒட்டிக்கொண்டு வரும். மரவாழை என்பார்கள். ஆட்கள் அதைச் சுரண்டி எறிந்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில் அப்படி ஒன்றைக் காகிதத்தில் சுற்றித் திருவொற்றியூருக்குக் கொண்டுபோனேன். மல்லிகை என்று நினைத்து ஆசையாகப் பிரித்தாள் என் மனைவி.

"இன்னாய்யா இது, ஓணான் வாலாட்டம் கீது?"

"காத்தைத் தின்னுட்டே உசுரோட இருக்கும். மளிகைச் செலவு கெடையாது. உன்னைவிடச் சிக்கனம்."

நாங்கள் குடியிருந்தது அவளுடைய அண்ணன் வீட்டில். மச்சானுக்குத் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிற வேலை. பேச்சும் அந்த இயந்திரம் மாதிரிதான். ஒரு இழுப்பு, அப்புறம் நிறுத்தம்.

"புல்லுருவி அது. மரத்தைக் கொன்னுடும். தூக்கிக் கடாசு."

"புல்லுருவிதான் மரத்தை உறிஞ்சும், அண்ணே. இது ஒண்ணும் பண்ணாது. சும்மா மேல குந்திகினு இருக்கும்."

"அப்ப உன் வூட்டுக்காரன் மாதிரின்னு சொல்லு."

மூவரில் உரக்கச் சிரித்தது நான்தான்.

தேங்காய் நாரால் அதை மாமரத்தில் கட்டினாள். அந்தக் கவட்டையில் ஏற்கெனவே நம்மூர் மரவாழைச் செடி ஒன்று தானாக வளர்ந்திருந்தது. வருஷம் போகப்போக நார் மக்கி உதிர்ந்தது. இரண்டின் வேர்களும் பின்னிக்கொண்டன. இரண்டுக்கும் வார் மாதிரி தடித்த இலை. காய்ந்தால் சுண்ணாம்பாக வெளுத்து, தண்ணீர் பட்டதும் பச்சையாகிற வேர். பூத்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும். அவள் கட்டியது ஒரே ஒரு தடவை பூத்தது. அன்று நான் கப்பலடியில் இருந்தேன். வீடு திரும்பியபோது பூ அவள் கொண்டையில் இருந்தது. வெள்ளையும் ரோஜா நிறமுமாகச் சரம் தொங்கியது. அது எந்த இலைக்கொத்தில் பூத்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூ இல்லாமலே பிரித்தறிய ஒரு வழி இருந்தது. அதை அவளேதான் கண்டுபிடித்தாள். ஒருநாள் துணி துவைத்துக்கொண்டே சொன்னாள்:

"எல நுனியைப் பாருய்யா. ஒண்ணு எலி கடிச்சாப்ல கீது. இன்னொண்ணு மாட்டுக் குளம்பாட்டம் ரெண்டாப் பொளந்துகினு கீது. எலி கடிச்சது வந்து..."

நான் குறுக்கே பாய்ந்தேன். "எலி நானு! மாடு உங்க அண்ணன்!"

அவள் சிரித்த சிரிப்பில் சோப்புக்கட்டி நழுவிக் கிணற்றில் விழுந்தது. அப்புறம் பேச்சு சோப்பைப் பற்றியே போனது. அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் டைபாய்டு ஜுரம் வந்தது. போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு வேடிக்கையும் வரவில்லை. அதனால் எழுதாமல் விடுகிறேன்.

பிறகு யாரோ தொழிற்சாலைக்காரர் கிடங்கு கட்டுவதற்காக அந்த மனையை வாங்கிவிட்டார். வீட்டைக் காலி செய்தோம். மச்சான் துறைமுகக் குடியிருப்புக்குப் போக ஏற்பாடு; எனக்கு ராயபுரத்தில் ஓர் அறை. மரம் வெட்ட ஆள் வந்த அன்று மச்சான் வேலைக்குப் போயிருந்தார். அவள் கட்டிய செடியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வெறி. சரியானதை எடுத்துவிட்டால், அவள் சொன்னதில் கொஞ்சமாவது என் காதில் ஏறியிருந்தது என்று ஆகும். அதற்காகத்தான் அந்த நக்கல். மோந்து பார்த்தேன். கட்டை அளக்கிற நாடாவால் இலைகளை அளந்தும் பார்த்தேன்.

கீழே கோடரிக்காரர் பொறுமை இழந்தார். "இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தியா? எறங்கு!"

கடைசியில் மூளையைக் கசக்கி ஒரு தர்க்கம் செய்தேன். எலி நான். கப்பல் செடியைக் கொண்டுவந்ததும் நான். ஆகவே எலி கடித்த இலைதான் அவளுடையது. அன்று அவள் அப்படிச் சிரித்ததே அது பொருத்தமாக இருந்ததால்தான்! பட்டை பெயர்ந்து வர, அந்த ஒன்றை மட்டும் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். மற்றது கிளையோடு விறகு வண்டியில் ஏறியது.

அறை ஜன்னல் கம்பியில் அதைக் கட்டித் தண்ணீர் தெளித்தேன். மரவாடிக் கதைகளை அதனிடம் ஒப்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டது. அடுத்த கோடையில் ஒரு தண்டு நீண்டு மொட்டு விட்டது. வேலைக்குப் போகாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பூ மலர்ந்தது. மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்டு, அசல் லுங்கித் துணி. நம்மூர்ச் செடி. வாசனை நன்றாகத்தான் இருந்தது; அதன் மேல் குற்றமில்லை. அவள் கட்டியது எந்த ஓட்டல் அடுப்பில் வெந்நீர் போட்டதோ.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மச்சானைத் தேடிக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போனேன். சிரிக்க வைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நக்கியதையும், என் தர்க்கத்தையும், லுங்கிப் பூவையும் நடித்தே காட்டினேன். மச்சான் சிரிக்கவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, மீதிச் சோற்றைத் தொடாமல் தூக்குச்சட்டியை மூடினார்.

"ரெண்டையும் எடுத்துகினு வந்துருக்கலாமே, மாப்ளே."